யூட் அண்ணை மூட விடாத பிழை

யூட் அண்ணை இறந்த செய்தி எங்கள் அலுவலக வட்சப் குழுவில் காலை எட்டே காலுக்கு வந்தது. அனுப்பியவர் ஆளணிப் பிரிவில் இருப்பவர். அதை அப்படியே தருகிறேன்: "யூட் அண்ணை இன்று விடிய மாரடைப்பால் காலமாகிவிட்டார். ஆழ்ந்த அனுதாபங்கள். காலைக் கூட்டம் பத்தரைக்கு மாற்றப்பட்டுள்ளது." மூன்றும் ஒரே செய்தி. இடையில் ஒரு வரிகூட விடவில்லை. அதற்குக் கீழே அழுகிற முகங்களும் கூப்பிய கைகளும் வரிசையாக வந்தன. பிறகு ஒருவர் கேட்டார்: "அப்ப இண்டைய கேம் பில்டை ஆர் விளையாடிச் செக் பண்ணுறது?"

அந்தக் கேள்வியைக் கேட்டது நான் அல்ல. ஆனால் எனக்கும் முதலில் தோன்றியது அதுதான். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

மதியத்துக்கு முன்பே குருநகரில் அவருடைய ஒழுங்கை முகப்பில் கம்பனியின் அஞ்சலிப் பனர் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வரவில்லை, பனர் வந்துவிட்டது. அதில் யூட் அண்ணை ஒரு வள்ளத்தில் நின்று, ஒரு கையில் வலையும் மற்றக் கையில் போனுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய தலையைவிடக் கம்பனியின் இலச்சினை பெரிது. "எமது நிறுவனத்தின் தூணே, அமைதியில் இளைப்பாறுக" என்று எழுதியிருந்தது. அந்த ஒழுங்கைக்காரர் இருவர் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள்.

"உவன் எப்பயடா கடல் தொழிலுக்குப் போனவன்?"

"போனவன் மச்சான், ஒருக்கா. சத்தி எடுத்துப்போட்டு வந்தவன்."

செத்தவீட்டு ஒழுங்கையில் சிரிக்கக்கூடாதென்று இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நானும் பொத்திக்கொண்டேன். அன்று முழுவதும் யூட் அண்ணையைப் பற்றி நான் கேட்டவற்றில் அந்த இரண்டு வசனங்கள்தான் உண்மை.

மூன்றாம் நாள் கம்பனியின் இணையப் பக்கத்துக்கு ஒரு பந்தி எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். எங்கள் முதலாளி பிரதீபன் கூப்பிட்டார். "நல்லா இருக்கு. ஆனா கொஞ்சம் பொசிற்றிவ்வா எழுதும். அந்த நாற்பத்து மூண்டாம் லெவல் கதையெல்லாம் வேண்டாம். எப்பவும் சிரிச்ச முகம், கடின உழைப்பாளி, அப்பிடி ஏதாவது." யூட் அண்ணையை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை: அவர் எப்போதும் சிரித்த முகமாய் இருந்த மனிதர் அல்லர். பல நாள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு திரிந்தவர். அதனால் அங்கே வேண்டாமென்று சொன்னதை இந்த இதழில் எழுதுகிறேன். கம்பனியின் பெயரை மட்டும் எழுதவில்லை. இதழின் ஆசிரியர் வேண்டாமென்றார்.

நாங்கள் போனில் விளையாடும் விளையாட்டுகளைச் செய்கிறவர்கள். நான் புரோகிராமர். புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். தொடக்கத்தில் கம்பனி நல்லூரில், ஒரு இரசாயனவியல் ரியூசனுக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தது. கீழே வாத்தியார் மைக்கில் சமன்பாடு சொல்லுவார். மேலே நாங்கள் நான்கு பேர் அதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்வோம். பிரதீபன் கனடாவிலிருந்து "ஊருக்கு ஏதாவது செய்ய வேணும்" என்று வந்தவர். அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போது குமட்டுகிறது. அப்போது அப்படியில்லை. நான் அதை நம்பினேன்.

முதலாவது விளையாட்டு கிளித்தட்டு. நிலத்தில் கோடுகள் கீறி, ஒரு பக்கத்தார் கிளி என்கிற தலைவனோடு நின்று மறிக்க, மற்றப் பக்கத்தார் பிடிபடாமல் கோடுகளைத் தாண்டி ஓடுவார்களே, அதைத்தான் போனுக்குள் கொண்டுவந்தோம். அது எல்லா விதமான போன்களிலும் ஓடுகிறதா என்று பார்க்கப் பழைய போன்கள் தேவைப்பட்டன. யாழ்ப்பாண பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் சின்னக் கடை வைத்திருந்த ஒருவர், சீமெந்துப் பை ஒன்றில் இருபது போன்களை அள்ளிக்கொண்டு படியேறி வந்தார். பாதிக்கு மேல் கண்ணாடி வெடித்தவை. அவர்தான் யூட் அண்ணை.

"உடைஞ்ச போனுகளை வைச்சு என்ன செய்யப் போறியள்?"

விளையாட்டைக் காட்டினோம். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அவருக்கு ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆற முன்னம் மூன்று பிழைகளைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இஞ்சை பாரும் பிள்ளை. இந்த மூலையிலை நிண்டால் கிளி என்னைப் பிடிக்காது. பொழுதுபடுமட்டும் நிண்டாலும் பிடிக்காது. கிளிக்குக் கண் தெரியாதோ?"

அந்தக் கிளியைச் செய்தவள் நான். நான்கு மாதமாக அந்த மூலை என் கண்ணில் படவில்லை. அடுத்த கிழமை பிரதீபன் அவரை வேலைக்கு எடுத்தார். செய்கிற விளையாட்டை விளையாடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பதுதான் வேலை. "போன் விளையாடுறதுக்குச் சம்பளமோ?" என்று அவருடைய ஒழுங்கை முழுவதும் சிரித்ததாம். யூட் அண்ணை கடையை விற்றுவிட்டு வந்து சேர்ந்தார்.

அவர் வேலை செய்த விதத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. மற்றவர்கள் ஒரு லெவலைத் தொடங்கிப் பார்ப்பார்கள், நின்றுபோகாமல் ஓடினால் "சரி" என்று அட்டவணையில் எழுதுவார்கள். யூட் அண்ணை ஒவ்வொரு லெவலையும் தானே விளையாடி வெல்வார். அதுவும் தன்னிடமுள்ள போன்களில் மிக மோசமானதில். வென்ற பிறகுதான் எழுதுவார். எழுதுவது "சரி" என்று அல்ல. "வென்றேன்" என்று. ஏன் இப்படிக் கிடந்து மாய்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"தோக்கிறவன் தன்ரை பிழையாலை தோக்க வேணும். எங்கடை பிழையாலை தோக்கக் கூடாது," என்றார். பிறகு, "இஞ்சை ஆரிட்டை புதுப் போன் கிடக்கு? பிரான்சிலையிருந்து வந்த தமையன் விட்டிட்டுப் போனது, அதைத் தங்கச்சி பாவிச்சு, தங்கச்சிக்குப் பேந்து தாய். எங்கடை கேம் அந்தத் தாயின்ரை போனிலை ஓட வேணும்."

கிளித்தட்டு வெளிவந்தது. பேஸ்புக்கில் லண்டனும் ரொறன்ரோவும் பெருமையில் மிதந்தன. "தமிழனின் சாதனை" என்று எழுதினார்கள். படத்தைப் பகிர்ந்தார்கள். விளையாட்டைத் தங்கள் போனில் இறக்கினவர்கள் மிகச் சிலர். இறக்கினவர்களிலும் பாதிப்பேர் முதலாவது லெவலைத் தாண்டவில்லை. இனத்தின் பெருமைக்குக் கண்ணீர் விட அவர்களிடம் நேரம் இருந்தது, விளையாட இரண்டு நிமிடம் இருக்கவில்லை. அந்த வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த பிரதீபனின் உறவுக்காரர் இருவர் பட்டு வேட்டியோடு படியேறி வந்து எங்கள் மேசைகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். ஒருவர் யூட் அண்ணையைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி எவடம்?"

"குருநகர்."

"ஓ."

யாழ்ப்பாணத்தில், ஊரைக் கேட்டுச் சாதியை அளக்கிற அந்த "ஓ" எவ்வளவு நீளம் என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் யூட் அண்ணையோடு ஒரு சொல் கதைக்கவில்லை. என் பக்கம் திரும்பி, நான் எவடம் என்று கேட்டார். புத்தூர் என்றேன். "புத்தூரிலை எந்தப் பக்கம்?" என்றார். நான் கணினிப் பக்கம் திரும்பி விட்ட இடத்திலிருந்து தட்டத் தொடங்கினேன். அவர்கள் இறங்கிப் போன பிறகு யூட் அண்ணை மேசையிலிருந்த போனை எடுத்து, திரையில் கிளித்தட்டுக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கோடு கீறுறதிலை எங்கடை ஆக்கள் விண்ணர் பிள்ளை. தாண்டுறதுதான் ஒருத்தருக்கும் வராது."

கிளித்தட்டால் கம்பனிக்குச் சோறு கிடைக்கவில்லை. ஒரு வெளிநாட்டுக் கம்பனி வந்தது. அவர்களுக்கு வேண்டிய விளையாட்டுகளை அவர்கள் பெயரில் நாங்கள் செய்து கொடுக்க வேண்டும். பளிங்கு, மிட்டாய், நிறக்குமிழி என்று உலகம் முழுவதும் ஏற்கெனவே ஆயிரம் தரம் வந்தவை. கம்பனி பட்டினத்துக்குள் கண்ணாடி முகப்புக் கட்டடம் ஒன்றுக்கு மாறியது. குளிரூட்டி வந்தது. கழுத்தில் போட அட்டை வந்தது. என் அட்டையில் மென்பொருள் பொறியியலாளர். யூட் அண்ணையின் அட்டையில் உதவியாளர். அவரைவிடப் பத்து வயது குறைந்த பிரதீபன் அவரை "யூட்" என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். யூட் அண்ணை அந்த அட்டையைக் கழுத்தில் போட்டதே இல்லை. "போட்டால் நேர்த்திக்கு விட்ட கிடாய் மாதிரிக் கிடக்கு," என்று சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார்.

அந்தப் பனர்ப் படத்தின் கதைக்கு வருகிறேன். வெளிநாட்டுக் கம்பனி தன் பக்கத்தில் போட எங்களிடம் "பணியாளர் கதை" ஒன்று கேட்டது. பிரதீபன் யூட் அண்ணையைக் கூப்பிட்டார்.

"யூட், உம்மடை கதைதான் நல்ல ஸ்ரோங். மீனவரின்ரை மகன், இண்டைக்கு கேம் டெஸ்ரர்."

"என்ரை அப்பா தச்சர். வள்ளம் திருத்தினவர், வள்ளத்திலை போனவர் இல்லை."

"கரையிலை தானே இருக்கிறீர்? அது காணும்."

ஒரு பின்னேரம் படம் எடுப்பவனையும் எங்களையும் இறங்குதுறை ஜெட்டிக்குக் கூட்டிப் போனார்கள். யாரோ ஒருவருடைய வள்ளம், யாரோ ஒருவருடைய வலை. வலையை எப்படிப் பிடிப்பதென்று யூட் அண்ணைக்குத் தெரியவில்லை. கரையில் நின்ற தொழிலாளிகள் சிரித்துச் சிரித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். வள்ளம் நூறு யார் போவதற்குள் அவர் விளிம்பில் குனிந்து சத்தி எடுத்தார். படம் எடுப்பவன் காத்திருந்தான். வாயைத் துடைத்து முடிந்ததும், "இப்ப சிரியுங்கோ அண்ணை," என்றான். அந்தச் சிரிப்புத்தான் பனரில் இருந்தது. நான் ஜெட்டியில் அவருடைய சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு நின்றேன். இது பொய் என்று எனக்குத் தெரியும்.

இனி நாற்பத்து மூன்றாவது லெவல்.

நிறக்குமிழி விளையாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். கீழேயிருந்து ஒரு குமிழியை எய்ய வேண்டும். ஒரே நிறத்தில் மூன்று சேர்ந்தால் வெடிக்கும். எல்லாம் வெடித்தால் வெற்றி. எய்வதற்கு அடுத்து எந்த நிறம் வரும் என்பதைத் தீர்மானிப்பது விளையாடுகிறவர் அல்லர், நாங்கள் எழுதுகிற நிரல். வெளிநாட்டுக் கம்பனி ஒரு பக்கக் கடிதம் அனுப்பியது. நாற்பத்து மூன்றாவது லெவலில், வெல்வதற்கு ஒரேயொரு பச்சைக் குமிழி மட்டும் தேவை என்ற நிலைக்கு ஆளைக் கொண்டுவர வேண்டும். பிறகு அந்தப் பச்சையைக் கொடுக்கக் கூடாது. "ஒரு விளம்பரம் பாருங்கள், இன்னொரு வாய்ப்புத் தருகிறோம்" என்று கேட்க வேண்டும். அப்போதும் கொடுக்கக் கூடாது. எத்தனை விளம்பரத்துக்குப் பிறகு பச்சையைக் கொடுப்பதென்பது ஆளுக்கு ஆள் வேறு. சினந்து விட்டுவிட்டுப் போகக்கூடிய ஆளுக்குக் கெதியில் கொடுக்க வேண்டும். பொறுமையாகத் திரும்பத் திரும்ப வருகிற ஆளைக் கொடுக்காமலே இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

அதை எழுதியவள் நான். பெரிய வேலையில்லை. நான்கு வரிகள். காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்தேன். அன்று கன்டீனில் கணவாய்க் கறி. ருசித்துச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் யூட் அண்ணை என் மேசைக்கு வந்தார்.

"பிள்ளை, நாற்பத்து மூண்டிலை கடைசிப் பச்சை வருகுதில்லை."

"வராது அண்ணை."

"எப்ப வரும்?"

"விளம்பரம் பார்த்தால் வரும். ஆளைப் பொறுத்து. பொறுமையான ஆளைக் கனக்க இழுக்கும்."

"பார்க்காட்டி?"

"வராது."

போனை என் மேசையில் கவிழ்த்து வைத்தார். "அப்ப உது விளையாட்டில்லை. படலையைப் பூட்டிப்போட்டு, உள்ளுக்கை இருந்து வா வா எண்டு கூப்பிடுற வேலை."

போய்த் தன் மேசையில் இருந்து பிழையைப் பதிந்தார். எங்கள் தொழிலில், பிழையைக் கண்டவர் அதைப் பதிந்து திறந்து வைப்பார். புரோகிராமர் திருத்திவிட்டு மூடுவார். பிழையே இல்லையென்றால், "திட்டமிட்டபடி இயங்குகிறது" என்று எழுதிவிட்டு மூடலாம். யூட் அண்ணை எழுதியது: "லெவல் 43. வெல்ல முடியாது." நான் எழுதியது: "திட்டமிட்டபடி இயங்குகிறது." மூடிவிட்டேன்.

அடுத்த நாள் காலை அது திறந்து கிடந்தது. கீழே ஒரு குறிப்பு: "இன்று முப்பது தரம் விளையாடினேன். பச்சை வரவில்லை." மூடினேன். அதற்கடுத்த நாள்: "பச்சை லீவிலா?" மூடினேன். சில நாள் விட்டு: "தவக்காலம். ஒருசந்தி நோன்பு இருந்து விளையாடினேன். அப்போதும் வரவில்லை." மூடினேன். "எங்கள் பங்குக் கோயில் லொத்தரில்கூட ஆருக்கோ ஒருவருக்கு விழும்." மூடினேன். அலுவலகத்தில் எல்லோரும் இந்தக் குறிப்புகளைப் படம் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரைப் பகிடிக்காரன் ஆக்கிவிட்டால் அவர் சொல்வதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை அல்லவா?

பிரதீபன் அவரைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். மூடுகிறவள் நான் என்பதால் என்னையும் கூப்பிட்டார்.

"யூட், உமக்கு விளங்குதோ? கிளையன்ட் கேட்டதைத்தான் செய்து குடுத்திருக்கிறம்."

"விளங்குது. அப்ப விளையாட்டிலை எழுதிவிடுங்கோ, உதை வெல்ல ஏலாது எண்டு."

"அப்பிடி எழுதினால் ஆர் விளையாடுவினம்?"

"ஒருத்தரும் விளையாட மாட்டினம்."

"பின்னை?"

"பின்னை, உங்களுக்கே தெரியுது தானே."

பிரதீபனின் முகம் சிவந்தது. உலகம் முழுவதும் இப்படித்தான் செய்கிறார்கள், நாங்கள் மட்டும் யோக்கியரோ என்றார். அட்டவணையில் நாற்பத்து மூன்றுக்கு நேரே "வென்றேன்" என்று எழுதித் தரச் சொன்னார். "வெல்லேல்லை. எழுத மாட்டன்," என்றார் யூட் அண்ணை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டார். விளையாட்டு வெளிவந்த அன்று அந்தக் கட்டத்தில் வேறு யாரோ "சரி" என்று நிரப்பியிருந்தார்கள். அவரை அந்த விளையாட்டிலிருந்து மாற்றி வேறொன்றில் விட்டார்கள். இருந்தும் பிழையை மட்டும் திறந்துகொண்டே இருந்தார்.

அவர் ஏன் விடவில்லை என்று நான் நெடுநாள் தவறாக நினைத்திருந்தேன். பிடிவாதம் என்று நினைத்தேன். ஒரு நாள் வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது அவரே சொன்னார்.

அவருடைய மனைவி ரஜினா அக்கா. இறால் பதனிடும் இடத்தில் வேலை. பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். போக வர பஸ்ஸில் விளையாடுவதற்கென்று, கணவனின் கம்பனி செய்தது என்ற பெருமையில், புளுகத்தில், அந்தக் குமிழி விளையாட்டைப் போனில் இறக்கியிருக்கிறார். நாற்பத்திரண்டு லெவலையும் வென்றுவிட்டார். நாற்பத்து மூன்றில் நின்றுவிட்டார்.

"அவள் போனைத் தந்து சொல்லுறாள், 'நீங்கள் ஒருக்கா வெண்டு தாங்கோவன்' எண்டு. நான் விளையாடித் தோத்தன். அதைப் பாத்திட்டு என்ன சொன்னவள் தெரியுமோ? 'உதே வேலையாய் இருக்கிற நீங்களே தோக்கிறியள். நான் எட்டாம் வகுப்பு. எனக்கெங்கை ஏலும்' எண்டு."

"நீங்கள் சொல்ல வேண்டியதுதானே அண்ணை, அது வெல்ல ஏலாதது எண்டு?"

"உள்வேலை ஒண்டும் வெளியிலை சொல்ல மாட்டன் எண்டு கம்பனிக் கடதாசியிலை கையெழுத்து வைச்சிருக்கிறன். நீரும் தானே வைச்சனீர்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "பொறுமையான ஆளைக் கனக்க இழுக்க வேணும் எண்டு நீர் தானே சொன்னனீர்? அவளை விடப் பொறுமைக்காரி ஆர் இருக்கினம்?"

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து படிப்பு நின்றுபோன பெண்கள் இந்தக் குடாநாட்டில் எத்தனை பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை. தங்களுக்கு மூளை இல்லை என்று அவர்களுக்கு எல்லோரும் சொல்லியாகிவிட்டது. அதை இன்னொரு தரம் சொல்வதற்கு நான்கு வரி எழுதினவள் நான்.

அப்போது யூட் அண்ணை என்னிடம் ஒன்று கேட்டார். எங்கள் ஐந்து வருடப் பழக்கத்தில் அவர் என்னிடம் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

"ஒரு நாளைக்கு அந்த நாலு வரியையும் எடுத்துவிடும் பிள்ளை. அவள் வெல்லட்டும். பேந்து போட்டுவிடும்."

"தெரிஞ்சால் வேலை போயிடும் அண்ணை."

"ஓம்," என்றார். "எனக்கும் உந்தப் பயம்தான்."

கோபிக்கவில்லை. பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அடுத்த நாள் காலையில் பிழை திறந்து கிடந்தது. குறிப்பு எதுவும் இல்லை. மூடினேன். எல்லாமாக இருபத்திரண்டு தரம் அவர் திறந்தார், இருபத்தொரு தரம் நான் மூடினேன். கடைசியாக அவர் திறந்தது இறப்பதற்கு முதல் நாள்.

எட்டாம் நாள் செபத்துக்குக் குருநகருக்குப் போனேன். செபம் முடிந்து ஆட்கள் போகத் தொடங்கிய பிறகு ரஜினா அக்கா என்னை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நீர் தானே அந்தக் கேம் செய்தனீர்? அவர் சொல்லுவார், நீர் சரியான கெட்டிக்காரி எண்டு." போனை எடுத்தார். திரை மூலையில் வெடித்திருந்தது. "இதை வெல்ல ஏலுமோ? ஒரு வருசமாய்ப் பாக்கிறன். வெண்டு அவருக்குக் காட்டோணும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்."

திரையில் ஒரேயொரு பச்சைக்காகக் காத்துக்கொண்டு நாற்பத்து மூன்று நின்றது.

"ஏலாது அக்கா," என்றேன். "வெல்ல ஏலாத மாதிரித்தான் செய்தது. நான்தான் செய்தனான்."

போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அவருக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"எப்ப துவக்கம்?"

"முதல் துவக்கம்."

அவர் அழவில்லை. "ஒரு வருசம் நான் பக்கத்திலை இருந்து விளையாடினனான்," என்றார். "நான் மொக்கு மொக்கு எண்டு சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டெல்லோ இருந்தவர்."

கையெழுத்து வைத்ததைச் சொன்னேன். பிள்ளைகளின் படிப்புக்காக வேலையை விட முடியாமல் இருந்ததைச் சொன்னேன். இருபத்திரண்டு தரம் பிழையைத் திறந்ததைச் சொன்னேன். "எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னவர் அக்கா," என்றேன்.

"உங்களுக்குச் சொன்னதை எனக்கும் ஒருக்காச் சொல்லியிருக்கலாம்."

யூட் அண்ணை நேர்மையான மனிதர். அலுவலகத்தில் அவரளவு நேர்மை வேறு எவருக்கும் இருக்கவில்லை. அந்த நேர்மை வீட்டு வாசலில் நின்றுவிட்டது. நிறுத்தியது ஒரு கடதாசி. அந்தக் கடதாசியை நீட்டியவர்கள்தான் அவரைத் தூண் என்று பனர் அடித்தவர்கள். அவரைப் புகழ்ந்து எழுதுகிற இடத்தில் இதை மறைத்தால் நானும் அந்தப் பனரைத்தான் அடிக்கிறேன். ரஜினா அக்கா என் முன்னாலேயே அந்த விளையாட்டை அழித்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொன்னார். குடித்தேன். சீனி கூடிப் போயிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை யூட் அண்ணையின் கணக்கை அலுவலகக் கணினியிலிருந்து நீக்கினார்கள். ஒருவருடைய கணக்கு நீங்கினால், அவர் திறந்து வைத்த பிழைகள் தாமாகவே வேறொருவர் பெயருக்கு மாறும். அவர் திறந்து வைத்தவற்றில் மூடாமல் கிடந்தது ஒன்றே ஒன்று. அதைக் கடைசியாகத் தொட்ட புரோகிராமர் நான். இப்போது அதில் பிழையைப் பதிந்தவர் என்ற இடத்திலும் என் பெயர் இருக்கிறது. திருத்த வேண்டியவர் என்ற இடத்திலும் என் பெயர் இருக்கிறது.

"அதை மூடிவிடும், மாத அறிக்கையிலை சிவப்பாய் நிக்குது," என்று பிரதீபன் இரண்டு தரம் செய்தி அனுப்பிவிட்டார். நான் மூடவில்லை. அந்த நான்கு வரிகளை எடுத்துவிடும் துணிச்சலும் எனக்கு இன்னும் வரவில்லை. இதை வாசிக்கிற எவரும் என்னை நல்லவள் என்று நினைக்காதிருக்க இதையும் எழுதுகிறேன். ஆனால் வேலை தொடங்கும் ஒவ்வொரு காலையிலும் ரஜினா அக்காவிடமிருந்ததைப் போலத் திரை வெடித்த ஒரு போனை எடுத்து நாற்பத்து மூன்றை விளையாடுகிறேன். தோற்கிறேன். பிறகு திறந்து கிடக்கிற அந்தப் பிழைக்குக் கீழே ஒரு வரி எழுதுகிறேன்: "இன்றும் பச்சை வரவில்லை." குழுவில் ஒருவர் அதற்குச் சிரிக்கிற முகம் போட்டிருந்தார்.

யூட் அண்ணையிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தப் பிழை. அது என்னுடையதுதான். என் பெயரில், திறந்தபடி இருக்கிறது.